தண்ணி விறகு

நான் முதல்முதலாகக் கோடாலியை ஓங்கி அடித்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அடி கட்டையில் விழவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்த என் மருமகள், ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாளிய நல்லாப் பொளந்துட்டீங்க மாமி. இனி விறக ஒரு கை பாருங்க."

உக்குவளையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வகுப்பில் என்னைப் பார்த்து ஒரு பிள்ளை பல்லைக் காட்டியதாகச் சரித்திரம் கிடையாது. பென்ஷன் எடுத்து வீட்டில் குந்திய பிறகு, மகனுடைய பழைய சப்பாத்தைக் காலில் மாட்டி, ஹவுஸ்கோட்டைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தியிடம் பேச்சு வாங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையப் பாருங்க" என்றிருப்பேன்.

அது காஸ் கிடைக்காத வருஷம். கண்டி ரோட்டில் ஆட்களுக்குப் பதில் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. நானும் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி மூன்று நாள் கொண்டுபோனேன். மூன்று நாளும் வெறும் சிலிண்டரோடுதான் திரும்பினேன். நாலாம் நாள், "அந்தச் சனியன் மூலையிலயே கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மூன்று கொங்கிரீட் கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம். மருமகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள். ஈர விறகிலும் ஊதாமல் தீ மூட்டுவாள். நான்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் கிடந்தேன்.

கட்டை தந்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவருக்குப் பல்லேபொலவில் மிளகுத் தோட்டம் இருக்கிறது. அங்கே பட்டுப்போன சவுக்கு மரங்களை அறுத்து, உருளை உருளையாகச் சின்ன லொறியில் கொண்டுவந்து எங்கள் வேலியோரம் தட்டிவிட்டுப் போனார். "பொளக்கிறதுக்கு ஆள் புடிச்சுக்கோங்க டீச்சர்" என்றார். ஆளா! விறகு பொளக்கிற ஆளுக்கு அந்த வருஷம் மந்திரியை விட மவுசு. "நாளைக்கு வாறேன்" என்று சொல்லிப் போனவன் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தான். மகன் விடிந்ததும் கண்டிக்குப் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஞாயிற்றுக்கிழமை கோடாலியைக் காட்டினால், "புள்ளத்தாச்சி புருஷன் கோடாலி தொடக் கூடாதும்மா, சாஸ்திரம்" என்பான். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காதவன், இந்த ஒரு சாஸ்திரத்தை மட்டும் பக்தியோடு பிடித்துக்கொண்டான்.

ஒரு நாள் மாத்தளை டவுனுக்குப் போய்விட்டுக் கேட்டைத் திறக்கிறேன், பின்பக்கத்தில் டக், டக் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மருமகள். காலை அகட்டி நின்று, கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். எனக்கு உயிரே இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது.

"அடியே! கீழ வைடி அத! ஒனக்கென்ன பைத்தியமா?"

வைத்துவிட்டாள். நான் ஒன்று சொன்னால் இரண்டு சொல்கிற வாய் அது. அன்றைக்கு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"சோறாக்கத்தான் தேங்கா மட்டையும் கொம்பும் கெடக்கே. இப்ப என்ன அவசரம்?" என்று கொஞ்சம் இறங்கிக் கேட்டேன்.

"இது சோறாக்குற விறகு இல்ல மாமி. தண்ணி விறகு."

நான் கேள்விப்பட்டதே இல்லை. அவள்தான் சொன்னாள். அவர்கள் லயத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் பதினாறு நாளைக்கு இலை போட்டு வெந்நீர் காய்ச்சுவார்களாம். அந்தத் தண்ணீர் காய்கிற விறகைப் பெண்ணைப் பெற்றவள்தான் பொளக்க வேண்டுமாம். பிள்ளை பிறக்கிறதுக்கு முந்தியே பொளந்து அடுக்கி வைத்துவிட வேண்டும். தூக்கிவர யாரும் வரலாம், அடுக்க யாரும் அடுக்கலாம், கோடாலி மட்டும் அம்மா கையில் இருக்க வேண்டும். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை. மகளுக்குப் பதின்மூன்று வயதில் போனவர், பதினொரு வருஷத்தில் இரண்டே தடவைதான் வந்து போயிருக்கிறார். வளர்த்தது அப்பா. அவரும் இப்போது இல்லை.

"ஒங்கம்மா வர்றேன்னு சொல்லலையா?"

"சொல்றாங்க. விறக யாரும் தொட வேணாம், நா வந்து பொளக்கிறேன்னு போன்ல தெனம் சொல்றாங்க." படியில் கிடந்த மாங்காய்க் கொட்டையை எடுத்து வேலிப்பக்கம் வீசினாள். "சடங்குக்கும் வர்றேன்னுதான் சொன்னாங்க. கல்யாணத்துக்கும் சொன்னாங்க. அதான், நானே பொளந்து வச்சிருவோம்னு பாத்தேன்."

அந்தக் கல்யாணத்தின் கதையை நான் மறைக்க விரும்பவில்லை. மகன் வந்து விஷயத்தைச் சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "லயத்துப் பொண்ணா?" என்பதுதான். அது அவள் காதுக்கும் போயிருந்தது. ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். சொல்லாமலே இருந்ததில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

"குடு இங்க கோடாலிய. நா பொளக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"தண்ணி விறக அம்மாதான் மாமி..."

"நா பொளந்தா தீப்புடிக்காதா?"

"புடிக்கும்" என்றாள். அப்புறம் உள்ளே போய் மகனுடைய சப்பாத்தை எடுத்து வந்தாள்.

அன்றைக்குத்தான் அந்த வாளி போனது.

விறகு பொளக்கிறது பலத்தால் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் பலத்தைத்தான் காட்டினேன். கோடாலி கட்டையில் செருகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. காலை வைத்து இழுத்தேன், திட்டினேன், கோடாலியும் கட்டையுமாகத் தூக்கித் தரையில் குத்தினேன். ஒரு நாள் சிறாய் பறந்துபோய் நானாவின் கோழிக்கூட்டுத் தகரத்தில் விழுந்தது. மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சர், கோழி முட்டை போடுறத நிப்பாட்டிருச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் சேர்த்துப் பொளந்திருப்பேன்.

மருமகள் படியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினாள்.

"கோடாலியப் பாக்காதீங்க மாமி. அது எங்கயும் ஓடாது. எங்க விழணுமோ அந்த எடத்தப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இல்ல, அடிக்கிற நேரத்துல கண்ண மூடுறீங்க."

உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகளிடம், "கேள்விய வாசிக்காம விடை எழுதாத" என்று கத்தியிருப்பேன்!

கட்டையின் முகத்தில் மெல்லிய வெடிப்புகள் இருக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரமாக நின்றபோது மேலே இருந்த பக்கத்தை மேலேயே வைக்க வேண்டும். கணு இருந்தால் அதைக் கீழே விட வேண்டும். பெரிய கட்டையை நேரே நடுவில் போட்டு அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்து பலகை பலகையாக எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கோடாலி இறங்கும்போது முழங்காலும் கூடவே மடங்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். எல்லாம் அவள் சொன்னதுதான். தோட்டத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இதுதான் வேலையாம். கணக்கில் அவள் எப்போதும் பெயில் என்று மகன் சொல்லியிருக்கிறான். கோணம் பார்க்கத் தெரிந்த இந்தப் பிள்ளையை எவர் பெயில் ஆக்கியது என்று எனக்கு என் தொழில்மீதே கோபம் வந்தது.

கோடாலிக்கு அடங்காத கணுக்கட்டைக்கு ஆப்பு. இரும்பு ஆப்பை வெடிப்பில் வைத்துச் சம்மட்டியால் தட்ட வேண்டும். ஒரேயடியாக அடிக்காமல் தட்டித் தட்டி இறக்க வேண்டும். கட்டை முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் உள்ளே எங்கேயோ கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். "அந்தச் சத்தம் வந்தா நிப்பாட்டிருங்க மாமி. இனி அது ஒங்க கட்டை" என்பாள்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, ஒரே அடியில் ஒரு கட்டை இரண்டாக விரிந்தது. இரண்டு பாதியும் இரண்டு பக்கம் சாய்ந்து விழுந்தன, உள்ளே செம்மண் நிறம். நான் கோடாலியைப் போட்டுவிட்டு, "பாத்தியா! பாத்தியாடி!" என்று குதித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பொம்பிளை குதித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், மகனிடம் நடித்தும் காட்டினாள்.

ஒரு தப்பு மட்டும் என் தொழில் புத்தியால் வந்தது. பொளந்த விறகைச் சோதனைத் தாள் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். ஓரம் ஓரமாகத் தட்டி, ஊசி நுழைய இடமில்லாமல் அடுக்கி, மேலே கறுப்புப் பொலித்தீனும் போர்த்திக் கயிறு கட்டினேன். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்று ஆசை. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் பாதி விறகில் வெள்ளையாகப் பூஞ்சணம். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "விறகுக்கும் மூச்சு விடணும் மாமி" என்றாள். எல்லாவற்றையும் இறக்கி வெயிலில் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் போக அடுக்கினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்தது. ராத்திரி சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது அதைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். யாருக்கும் காட்டாமல் ஒரு பெருமை.

பதினாறு நாளுக்குப் போதுமான விறகு. அடுக்கி முடித்த அன்றைக்கு அவள் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டுத் தந்தாள்.

அந்த வாரமே மகன் வேலை விட்டு வந்து சொன்னான்: "அத்தைக்கு லீவு கெடச்சிருச்சாம். டிக்கட் போட்டாச்சு. ஒரு மாசம் நிப்பாங்க."

மருமகள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. நான் எத்தனை கட்டை பொளந்தபோதும் வராத வெளிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பதினொரு வருஷம் இல்லாதவர் இப்போது வந்து நிற்கப்போகிறார், இரண்டு மாதமாகக் கை உரித்தவள் ஓரமாகப் போக வேண்டுமா என்று மனசு கிடந்து புழுங்கியது.

"விறகு பொளந்தாச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லல மாமி." குனிந்துகொண்டு சொன்னாள். "சொன்னா, அப்ப நா எதுக்குன்னு வராம இருந்துருவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

சம்மந்தி வந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயது குறைவு, பார்க்க என் அக்கா மாதிரி இருந்தார். பெட்டியில் கம்பளியும் சோப்பும் பிள்ளைக்குச் சட்டையும். மகளைக் கட்டிக்கொண்டு அழுது, வயிற்றைத் தடவி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான், உடுப்புக்கூட மாற்றாமல், "கட்டை எங்க கெடக்கு?" என்று பின்பக்கம் வந்துவிட்டார்.

அங்கே என் அடுக்கு நின்றது.

கிட்டப் போனார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். "பொளந்தாச்சா?" என்றார். "நல்லதுங்க சம்மந்தி. நல்லாப் பொளந்திருக்கீங்க. சடங்குக்கும் நா இல்ல, கல்யாணத்துக்கும் இல்ல. இது ஒண்ணாவது செஞ்சிருவோம்னு... பரவாயில்ல. வேல ஆனா சரிதானே." அடிக்கட்டைமேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். வந்த வேலை முடிந்துபோனவர் மாதிரி இருந்தார்.

என் புழுக்கம் எல்லாம் அந்த இடத்திலேயே செத்தது. பொய் சொல்கிற பிள்ளைகளை முட்டுக்கால் போட வைத்தவள் நான். வாய் கூசாமல் சொன்னேன்:

"ஐய, இது சோறாக்குற விறகுங்க சம்மந்தி. காஸ் இல்லல்ல. தண்ணி விறக நாங்க தொடுவோமா? அது ஒங்க வேல. அதுக்குப் பக்கத்து வீட்டு நானா வேற கட்ட கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு."

மருமகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் தெரியும் என்று நான் ஒரு முறை முறைத்தேன்.

நானாவிடம் ஓடினேன். மறுநாளே ஆறு பெரிய கட்டை வந்து இறங்கியது. சம்மந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோடாலியை எடுத்தார். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, அது பழகின கை. மகள் படியில் வந்து உட்கார்ந்தாள். முதல் அடி கட்டையில் ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை. இரண்டாவது அடி ஓரத்தில் வழுக்கியது. நாலைந்து அடிக்குப் பிறகு சிரித்துக்கொண்டே, "பிரயாண அலுப்பு. ரெண்டு நாள் போனாச் சரியாயிரும்" என்றார்.

இரண்டு நாள் போனது. மறுபடி எடுத்தார், மறுபடி அதே கதை. அன்று பின்னேரம் குசினி ஜன்னல் வழியாக எதேச்சையாகப் பார்த்தேன். வெளியே குளியலறைச் சுவரில் சாய்ந்து, துவாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். படுக்கையிலே கிடக்கிற கிழவி ஒருத்தியைத் தூக்கிக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்க வைக்கிறதுதான் அங்கே அவருக்கு வேலை என்று மருமகள் சொல்லியிருந்தாள். அந்தத் தோளில் இனிக் கோடாலி நிற்காது என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும். நான் வாய் திறந்து என்ன சொல்ல? நான் பொளந்து தரவா என்று கேட்டால், மிச்சம் இருக்கிற ஒன்றையும் பிடுங்கின மாதிரி ஆகிவிடும்.

அடுத்த நாள் மாத்தளையில் கிளினிக். தாயும் மகளும் காலையிலேயே ஆட்டோவில் போனார்கள். திரும்பி வர எப்படியும் பதினொரு மணியாகும். ஆட்டோ வளைவு திரும்பியதும் நான் சப்பாத்தை மாட்டினேன்.

ஆறு கட்டையையும் நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாக ஆப்பு இறக்கினேன். கிர்ர் சத்தம் வரும்வரை தட்டி, அத்தோடு நிறுத்தி, பக்கத்தில் தட்டி ஆப்பைப் பிடுங்கிவிட்டால், வெடிப்பு மறுபடி மூடிக்கொள்ளும். அடியில் கொஞ்சம் நார்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொரு கட்டையிலும் கூட்டல் குறி போலக் குறுக்காகவும் ஒன்று இறக்கினேன். நாலு துண்டாக விழ வேண்டும். ஒரு கட்டை மட்டும் சொல்பேச்சுக் கேட்காமல் முழுசாகவே விரிந்துவிட்டது. அதைச் சோற்று விறகில் ஒளித்துவிட்டு, மதிலோரம் போய் நானாவிடம் இன்னொன்று கேட்டேன்.

"என்ன டீச்சர் இது? பொளக்கவும் பொளக்குறீங்க, முழுசாவும் பொளக்க மாட்டேங்கிறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். தானே ஒரு கட்டையைத் தூக்கி வந்து, மதிலுக்கு மேலால் தந்தார். "நா ஒண்ணையும் பாக்கல" என்றார்.

வெடிப்புகளில் மரத்தூளையும் மண்ணையும் தேய்த்து, ஆப்பைச் சாக்குக்கு அடியில் மறைத்து, குளித்து, விபூதி பூசி, ஒன்றும் தெரியாத பூனையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்தது.

சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு ஒருக்கா பாப்போம்" என்று சம்மந்தி எழுந்தார். கோடாலியை நெஞ்சளவுக்குத்தான் தூக்கினார். தூக்கின உயரத்திலிருந்து அப்படியே விழ விட்டார். டக். கட்டை விரிந்தது. குறுக்கே இன்னொன்று. நாலு துண்டு.

படியில் இருந்த மருமகள் கைதட்டினாள். "அம்மா! இன்னும் அப்படியே இருக்கீங்கம்மா!"

சம்மந்தி அப்படியே நின்று துண்டுகளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டையை நிமிர்த்தினார். ஆறு கட்டையும் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேர்த்து, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டு நின்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளை மாதிரி மகள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கப் போனாள். "குனியாதடி" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொடக்கம் பதினாறு நாளும் பின்பக்கத்தில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. வேப்பிலை, புளியிலை, நொச்சி என்று சம்மந்தி அள்ளிப் போட்டார். தன் விறகைத் தானே வைத்து, தானே எரித்து, மகளைக் குந்தவைத்துத் தலையிலிருந்து ஊற்றினார். நான் பேத்தியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களைக் கேட்டால் அந்தப் பதினாறு நாளைத்தான் சொல்வேன்.

லீவு முடிந்து சம்மந்தி புறப்பட்ட அன்று, வேன் வரும்வரை முன்வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மருமகள் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்மந்தி என் வலது கையைப் பிடித்து விரித்து, காய்ப்பு இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"ஆப்பு எறங்குன எடம் நசுங்கியிருக்கும் சம்மந்தி. கோடாலி வெட்டு அப்படி இருக்காது. மொத கட்டையிலயே பாத்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"மக கைதட்டுனாளே" என்றார். "அத எப்படிங்க நிப்பாட்டுறது?"

வேன் வந்தது. நாங்கள் அழுதோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதோம்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. காஸ் வந்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். மருமகளுக்கு இப்போது மறுபடி ஏழாம் மாதம். போன வாரம் நானாவின் லொறி வந்து வேலியோரம் கட்டைகளைத் தட்டிவிட்டுப் போனது. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் மாங்காயோடு படியில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, இந்தத் தடவ எல்லாத்தையும் நீங்களே பொளங்க. ஆறு கட்டைய மட்டும் ஒதுக்கி வைங்க. அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"சரி."

"ஆப்ப மட்டும் போன தடவைய விடக் கொஞ்சம் ஆழமா எறக்குங்க மாமி. அவங்களுக்கு இப்ப தோள் ரொம்ப முடியலையாம்."

கோடாலி என் கையிலேயே நின்றுவிட்டது. "ஒனக்கு எப்படிடி தெரியும்?"

"ஆப்பு அடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தானே" என்றாள். உப்பைத் தொட்டு இன்னொரு துண்டைக் கடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க கோடாலியவே எடுக்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. ஆறு கட்டையும் நானாவின் மதிலோரம் தனியாக நிற்கின்றன, நல்ல வெடிப்பாகப் பார்த்துத்தான் ஒதுக்கினேன். ஆப்பு இன்னும் இறக்கவில்லை. சம்மந்தி டிக்கட் போட்டாச்சு என்று ஒரு போன் வரட்டும்.